மொட்டைமாடி டிஷ்ஷும் 93.5 டிகிரி கிழக்கும்: ஜிசாட்-15 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூர்தர்ஷனின் இலவச டிவி சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பொருத்தும் வீடுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அந்த ஒளிபரப்பைச் சுமக்கும் ஜிசாட்-15தான் உதாரணம். கோணங்கள் எல்லாம் அந்த ஒரு செயற்கைக்கோளுக்குப் போட்ட கணக்கு. வேறு நிறுவனத்து டிஷ் என்றால் எண் மாறும், முறை மாறாது.

சாட்டிலைட் வானத்துல ஒரே இடத்துல நிக்குதுங்கறாங்களே, கீழ விழாம எப்படி நிக்குது?

நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. விநாடிக்கு 3.07 கி.மீ. வேகம். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றை முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றிக்கொள்வதும் இதே நேரத்தில்தான். ஒரே ராட்டினத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு ஒருவரை ஒருவர் பார்க்கும்போது அசைவே தெரியாது அல்லவா, அப்படித்தான்.

இந்தப் பொருத்தம் இந்த ஓர் உயரத்தில்தான் அமையும். கீழே வந்தால் பூமியை முந்தும், மேலே போனால் பின்தங்கும். பாதை பூமத்திய ரேகையிலிருந்து சாய்ந்திருந்தால், தினமும் வடக்கும் தெற்குமாக எட்டு போட்டுக்கொண்டிருக்கும். அசையாமல் மாட்டிய டிஷ்ஷுக்கு இரண்டும் ஆகாது.

93.5 டிகிரின்னா டிஷ்ஷை அவ்வளவு சாய்க்கணுமா?

இல்லை. அது தீர்க்கரேகை, அதாவது செயற்கைக்கோளின் விலாசம். அதற்கு நேர் கீழே இருப்பது சுமத்ராவுக்கு மேற்கே உள்ள இந்தியப் பெருங்கடல். டிஷ்ஷை எந்தப் பக்கம், எவ்வளவு நிமிர்த்துவது என்பது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது.

இதை யாரு, எப்ப அனுப்பினாங்க? உள்ளே என்னதான் இருக்கு?

இஸ்ரோ செய்தது. 2015 நவம்பர் 11 அதிகாலை, நம் நேரப்படி, தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் போனது. எடை 3,164 கிலோ. ராக்கெட் விட்ட இடம் நீள்வட்டப் பாதை. அங்கிருந்து தன் சொந்த எஞ்சினைப் பலமுறை எரித்து இந்த உயரத்துக்கு ஏறியது. அன்று முதல் அதைக் கட்டுப்படுத்துவது கர்நாடகத்தின் ஹாசனில் உள்ள தலைமைக் கட்டுப்பாட்டு மையம்.

உள்ளே 24 கேயூ-பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது தரையிலிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள். கூடவே ககன் என்ற விமான வழிகாட்டல் சேவைக்கான கருவியும் உண்டு. ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் உள்ள பிழையை விமானங்களுக்குத் திருத்திச் சொல்வது அதன் வேலை. டிவிக்காக மட்டுமே மேலே இருக்கிறது என்று பலர் நினைப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேனல் எல்லாம் சாட்டிலைட்லதான் பதிவாகி இருக்கா?

ஒன்றுமே பதிவாகி இல்லை. சேனல்களின் நிகழ்ச்சிகள் டெல்லி தோடாபூரில் உள்ள தூர்தர்ஷன் தரைநிலையத்தில் சேர்கின்றன. அங்கே சுருக்கப்பட்டு, பல சேனல்கள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, சுமார் 14 கிகாஹெர்ட்ஸில் மேலே போகின்றன. டிரான்ஸ்பாண்டர் அதை வாங்கி, அலைவரிசையை 11 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறக்கி, பெருக்கி, இந்தியா முழுவதும் படும்படி திருப்பி விடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. என்ன படம் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது.

ஏறும் அலைவரிசையும் இறங்கும் அலைவரிசையும் ஏன் வேறு? ஒன்றாக இருந்தால், தான் கத்துகிற சத்தமே தன் காதில் விழுந்து, கீழிருந்து வரும் மெல்லிய குரலை அமுக்கிவிடும்.

அவ்வளவு தூரத்துல இருந்து வந்தா சிக்னல்ல என்ன மிஞ்சும்?

சென்னையிலிருந்து ஜிசாட்-15க்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 36,170 கி.மீ. இந்த வகைச் செயற்கைக்கோளில் ஒரு டிரான்ஸ்பாண்டர் வெளியே விடுவது பொதுவாக நூறு வாட் சொச்சம்தான், பழைய குண்டு பல்பு அளவு. அது நாடு முழுக்கப் பரவி வந்து சேரும்போது, 60 செ.மீ. டிஷ்ஷில் விழுவது ஒரு வாட்டை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கு.

டிஷ் ஏன் வேண்டும், ஏன் இவ்வளவு துல்லியமாகத் திருப்ப வேண்டும் என்பதற்கெல்லாம் காரணம் இந்த ஒரு எண்தான். கிண்ணம் சிக்னலைப் பெருக்குவதில்லை. விழுந்ததை ஒரு புள்ளியில் குவிக்கிறது. பெருக்குவது அந்தப் புள்ளியில், கிண்ணத்துக்கு முன்னால் நீட்டிய கையின் நுனியில் உள்ள சிறு கருவியான எல்என்பி. கிண்ணம் ஓர் இடத்தில் நசுங்கியிருந்தாலும் குவிதல் சிதறும். நெளிந்த டிஷ்ஷைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்துவது வீண் வேலை, மாற்றிவிடுங்கள்.

எங்க ஊர்ல டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பணும்?

தென்கிழக்கு. வடக்கைப் பூஜ்யமாக வைத்து, கடிகார முள் திசையில் எண்ணினால் சென்னைக்கு 134 டிகிரி, கோவைக்கு 123, மதுரைக்கு 122, கன்னியாகுமரிக்கு 116. ஏற்றக் கோணம், அதாவது அடிவானத்திலிருந்து எவ்வளவு மேலே என்பது, சென்னையில் 68, கோவையில் 67, மதுரையிலும் கன்னியாகுமரியிலும் 69 டிகிரியை ஒட்டி. டெல்லியில் இது 52தான். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அது தலைக்கு மேல் வந்துவிடுகிறது.

முதலில் கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் அச்சடித்த அளவுகோல் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும். பிறகு ஏற்றக் கோணத்தை வைத்து முடுக்கிவிட்டு, பக்கவாட்டில் மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். கொஞ்சம் திருப்பி, நான்கு விநாடி நிறுத்தி, மறுபடி கொஞ்சம். செட்டாப் பாக்ஸ் சிக்னலைப் பிடித்துக் காட்ட அவ்வளவு நேரம் எடுக்கும். அவசரப்பட்டுச் சுழற்றுகிறவர்கள் சிக்னலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இவ்வளவு உயரக் கோணத்தில் ஒரு விஷயம் நமக்குச் சாதகம். டிஷ்ஷைப் பக்கவாட்டில் ஒரு டிகிரி திருப்பினால் அதன் பார்வை வானத்தில் 0.4 டிகிரிக்கும் குறைவாகத்தான் நகரும். ஏற்றக் கோணத்தில் ஒரு டிகிரி என்றால் முழு ஒரு டிகிரி. பக்கவாட்டுப் பிழையை டிஷ் பொறுத்துக்கொள்ளும், ஏற்றப் பிழையைப் பொறுக்காது. போனில் உள்ள திசைகாட்டியை இரும்புக் கம்பத்தின் மேல் வைத்துப் பார்க்காமல், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

ஆப்ல 68 டிகிரின்னு காட்டுது, ஆனா டிஷ் அவ்வளவு நிமிரவே இல்லையே, தப்பா மாட்டிட்டாங்களா?

தப்பில்லை. வீட்டு டிஷ்களில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதைக் கவனியுங்கள். அதனால் கிண்ணத்தின் முகம் பார்க்கும் திசைக்கு ஏறத்தாழ 25 டிகிரி மேலே இருந்து வருவதைத்தான் அது வாங்குகிறது. முகம் 43 டிகிரி நிமிர்ந்திருந்தால் பார்வை 68இல் இருக்கும். இந்த 25 தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும். பின்பக்கத் தாங்கியில் அச்சடித்திருக்கும் அளவுகோல் இதைக் கழித்தே போட்டது. அங்கே 68 வைத்தால் போதும், நீங்களாக மறுபடி கழிக்க வேண்டாம்.

எல்என்பியை ஏன் கோணலா திருகி வச்சிருக்காங்க? நேரா வச்சா அழகா இருக்குமே.

அலைகள் செங்குத்து, கிடைமட்டம் என்று இரண்டு வகையாக அனுப்பப்படுகின்றன. ஒரே அலைவரிசையை இரண்டு முறை பயன்படுத்த இதுதான் வழி. ஆனால் அந்தச் செங்குத்து, 93.5 டிகிரியில் இருப்பவருக்குச் செங்குத்து. பக்கவாட்டில் தள்ளியிருக்கும் நமக்கு அது சாய்ந்து வருகிறது. சென்னையில் இந்தச் சாய்வு கணக்குப்படி சுமார் 45 டிகிரி, கோவையிலும் மதுரையிலும் 56, 57, கன்னியாகுமரியில் 63. தெற்கே போகப் போக ஏறும். வட இந்தியாவில் பழகியவர்கள் வந்து மாட்டினால் இங்கேதான் தவறுகிறார்கள், அங்கே சாய்வு குறைவு.

டிஷ்ஷின் முன்னால் நின்று, எல்என்பியின் முதுகைப் பார்த்தபடி, கடிகார முள் திசையில் திருக வேண்டும். கணக்குச் சொன்ன இடத்தில் ஆரம்பித்து, செட்டாப் பாக்ஸ் டிவி திரையில் காட்டும் குவாலிட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டே நுணுக்கமாகத் திருப்புங்கள். பத்து டிகிரி தவறினால் உங்கள் சிக்னல் அதிகம் குறையாது. ஆனால் மற்ற வகை அலை கசிந்து வந்து குவாலிட்டியைக் கெடுக்கும். வெயிலில் சரியாக ஓடி, தூறல் போட்டதும் கட்டம் கட்டமாக உடையும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

ஸ்ட்ரெங்த் 90 காட்டுது, குவாலிட்டி பூஜ்யம். பாக்ஸ் கெட்டுப்போச்சா?

பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். எல்என்பிக்கு மின்சாரம் போகிறது, அது இரைச்சலைப் பெருக்கி அனுப்புகிறது என்பதற்கு மேல் ஸ்ட்ரெங்த்துக்குப் பொருள் இல்லை. டிஷ்ஷைச் சுவரைப் பார்த்துத் திருப்பினாலும் ஸ்ட்ரெங்த் காட்டும். நம்ப வேண்டியது குவாலிட்டியை.

குவாலிட்டி வந்தும் சேனல் வரவில்லை என்றால் வேறு செயற்கைக்கோள் மாட்டியிருக்கலாம். 91.5இலும் 95இலும் டிவி ஒளிபரப்பும் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலமே மூன்று டிகிரி. சென்னையிலிருந்து பார்த்தால் 95இல் உள்ளது மூன்று டிகிரி இடப்பக்கமும் ஒரு டிகிரி சொச்சம் தாழவும் இருக்கும். 91.5இல் உள்ளது ஐந்து டிகிரி வலப்பக்கமும் ஒன்றரை டிகிரி மேலேயும். டிஷ்ஷின் பின்னால் நின்று பார்ப்பதாக வைத்துச் சொல்லும் இடம் வலம் இது.

சில சேனல்கள் வந்து, சில மட்டும் வரவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். பாக்ஸ் 13 வோல்ட் கொடுத்தால் எல்என்பி செங்குத்து அலையை வாங்கும், 18 கொடுத்தால் கிடைமட்டத்தை. நீளமான மட்டக் கேபிளில் 18 வோல்ட் வழியிலேயே இறங்கிவிட்டால் ஒரு வகைச் சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும். நல்ல ஆர்ஜி-6 கேபிள் 30 மீட்டருக்குள் தொல்லை தராது. கேபிள் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி நடுச்செம்பு பச்சை பூத்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். பாக்ஸ் மெனுவில் எல்என்பி அலைவரிசை 9750/10600 என்று இருக்க வேண்டும்.

வீட்டுப் பக்கத்துல தென்னை மரம் இருக்கே, மறைக்காதா?

மேலே சொன்ன உயரக் கோணம் இங்கே கைகொடுக்கும். டிஷ்ஷைவிட 12 மீட்டர் உயரமாக நிற்கும் மரம், தென்கிழக்கில் 5 மீட்டர் தள்ளி இருந்தாலே பார்வைக் கோடு அதன் தலைக்கு மேலே போய்விடும். உயரத்தை 0.4ஆல் பெருக்கினால் வேண்டிய தூரம் கிடைக்கும், அதோடு மட்டைகள் பரவும் தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த ஓலைக்கு இடையில் தட்டுத்தடுமாறி வரும் சிக்னல் ஓலை நனைந்ததும் நின்றுவிடும்.

மழை பெஞ்சா ஏன் போயிடுது? மேகம் மறைக்குதா?

சாதாரண மேகம் ஒன்றும் செய்யாது. பெரிய மழைத்துளிகள்தான் காரணம். 11 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டரை செ.மீ. சொச்சம். சில மில்லிமீட்டர் பருமனுள்ள துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் போதும். நாள் முழுக்கப் பெய்யும் தூறலை டிஷ் தாங்கும். இடியோடு அரைமணி கொட்டும் மழையில்தான் போகும்.

மழையை நிறுத்த முடியாது, கையிருப்பைக் கூட்டலாம். வெயில் நாளில் குவாலிட்டியை உச்சத்துக்குக் கொண்டுவந்து முடுக்குவதுதான் முதல் வேலை. ஏற்றக் கோணத்தில் இரண்டு டிகிரி தவறியிருந்தால் வரும் சக்தியில் முக்கால்பங்கு ஏற்கெனவே போய்விட்டது. வெயிலில் அது தெரியாது, மழையில் தெரியும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் 90 செ.மீ. டிஷ் போடுங்கள், இரண்டே கால் மடங்கு சிக்னல் சேரும். இங்கே வானம் வெளுத்திருந்தும் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் தடுமாறினால், மழை தோடாபூரில் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

மார்ச் மாசம் காலை 11 மணிக்குத் தினமும் கொஞ்ச நேரம் போகுது. நல்ல வெயில், மழையே இல்லை. ஏன்?

வெயில்தான் காரணம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சுமார் ஒரு வாரம், நம் டிஷ், ஜிசாட்-15, சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. சூரியனும் ரேடியோ இரைச்சல் எழுப்புகிறது. அது நேராக எல்என்பியில் குவியும்போது மெல்லிய சிக்னல் அதில் மூழ்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் மார்ச்சில் பதினொன்றேகாலை ஒட்டியும், செப்டம்பரில் பதினொன்றை ஒட்டியும் இது நடக்கும். நாளுக்குச் சில நிமிடம், அதிகம் போனால் பத்து. அந்த நேரத்தில் டிஷ்ஷைத் தொடாதீர்கள். தானாகத் திரும்பி வரும் சிக்னலுக்காக ஆளைக் கூப்பிட்டு, சரியாக இருந்த கோணத்தைக் கலைத்துக்கொண்ட வீடுகள் நிறைய.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. டிஷ்ஷுக்கு மங்கலான சாயம் பூசியிருப்பது வெயிலைச் சிதறடிக்கத்தான். பளபளக்கும் அலுமினிய பெயின்ட் அடித்தால் இந்த நாட்களில் வெப்பமும் எல்என்பியில் குவிந்து, அதன் பிளாஸ்டிக் மூடி உருகும்.

அப்போ சாட்டிலைட்டே பூமியோட நிழலுக்குள்ள போகுமா? கரண்ட்டுக்கு என்ன செய்யும்?

போகும், அதுவும் இதே பருவங்களில். மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களை ஒட்டி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 45 நாட்கள், இரவில் நிழலுக்குள் நுழைந்து வெளியே வரும். நீண்ட நிழல் 72 நிமிடம். ஜிசாட்-15க்கு நடு இரவு என்பது நம் கடிகாரத்தில் இரவு பதினொன்றேகால் வாக்கில். சூரியத் தகடுகளிலிருந்து ஒன்றுமே வராத அந்த நேரத்தில் லித்தியம்-அயன் பேட்டரிகள் முழுச் சுமையையும் தாங்குகின்றன. நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஒன்றும் தெரியாது.

கிரிக்கெட்ல பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடியே கத்துறாங்களே, சாட்டிலைட் தூரம்தானே காரணம்?

தூரத்தின் பங்கு சிறியது. மேலே போய்க் கீழே வர மொத்தம் கால் விநாடிக்கும் சற்றுக் குறைவு. மைதானத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள், பிறகு ஜிசாட்-15 என இரண்டு முறை ஏறி இறங்கினாலும் அரை விநாடிதான். மிச்சத் தாமதம் படத்தைச் சுருக்குவதிலும் விரிப்பதிலும் போகிறது. இணையத்தில் பார்த்தால் இன்னும் பின்தங்கும், துண்டு துண்டாகச் சேமித்துத்தான் அது ஓடுகிறது. டிவியில் உறுத்தாத இந்தக் கால் விநாடி போன் பேச்சில் உறுத்தும். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் அரை விநாடி ஆகி, இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்தில எடுக்குமோ?

கதிர் இந்திய நிலப்பரப்பை நோக்கி வடிவமைக்கப்பட்டது. ஆனாலும் கடற்கரையோடு கத்தரித்தாற்போல நிற்காது. கோணங்கள் திசை 125, ஏற்றம் 70 அல்லது 71, எல்என்பி சாய்வு 54. ஓரத்தில் சிக்னல் மெலிவதால் 90 செ.மீ. டிஷ்ஷோடு தொடங்குவது நல்லது.

93.5லயே ஜிசாட்-17ம் இருக்குன்னு படிச்சேன். ரெண்டும் இடிச்சுக்காதா?

விலாசம் ஒன்று, வீடு பெரிது. அந்த உயரத்தில் 0.1 டிகிரி என்பதே 74 கி.மீ. ஒவ்வொன்றின் பாதையையும் மிகச் சிறிய அளவில் வேறு விதமாகச் சாய்த்தும் நீட்டியும் வைத்தால், ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கீழே என்று ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இடைவெளி காக்கும். உங்கள் டிஷ்ஷின் பார்வை மூன்று டிகிரி என்பதால் அதற்கு இரண்டும் ஒரே புள்ளி. 2017இல் போன ஜிசாட்-17 வேறு அலைவரிசைகளில் வேலை செய்வதால் சிக்னலும் மோதாது.

இதோட ஆயுசு எவ்வளவு? எது முதல்ல தீரும்?

வடிவமைப்பு ஆயுள் 12 ஆண்டு. பெரும்பாலும் கணக்கை முடிப்பது எரிபொருள். நிலாவும் சூரியனும் பாதையை ஓயாமல் சாய்க்கின்றன. அதை நிமிர்த்த மட்டும் ஆண்டுக்கு விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் அளவு வேகத்தைச் செலவிட வேண்டும். பூமி முழு உருண்டையாக இல்லாததால் 75 டிகிரி கிழக்கை நோக்கி இழுக்கும் மெல்லிய இழுப்பும் உண்டு, அதற்குச் செலவு குறைவு. தள்ளிவிடாமல் விட்டால் முதல் கேள்வியில் சொன்ன எட்டு தொடங்கிவிடும்.

எரிபொருள் இருந்தும் முடங்குவது உண்டு. இதே 93.5இல் இருந்த இன்சாட்-4பி, 2007 மார்ச்சில் போனது. 2010 ஜூலையில் அதன் சூரியத் தகட்டு மின்வழங்கலில் கோளாறு வந்து, டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் மிச்சத்தை வைத்து ஓடியது. 2022 ஜனவரியில், கடைசியாக ஒதுக்கி வைத்த எரிபொருளைக் கொண்டு அதை வழக்கமான பாதையைவிட 340 கி.மீ. மேலே ஏற்றி அணைத்தார்கள். இந்த உயரத்தில் காற்று இல்லை, தானாக விழுந்து எரியாது. மேலே ஒதுக்காவிட்டால் மற்றவற்றின் குறுக்கே காலத்துக்கும் திரியும்.

புது சாட்டிலைட் வந்தா டிஷ்ஷை மறுபடி திருப்பணுமா?

அதே விலாசத்துக்கு வந்தால் வேண்டாம். இன்சாட்-4பியிலிருந்து ஜிசாட்-15க்குச் சேவை மாறியபோதும் விலாசம் 93.5தான், டிஷ்ஷைத் திருப்பும் வேலை வரவில்லை. அலைவரிசை மாறினால் பாக்ஸில் பழைய சேனல் பட்டியலை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அழிக்காமல் ஸ்கேன் செய்தால் பழைய, வெறுமையான எண்களும் பட்டியலில் தங்கி, சேனல் போய்விட்டது என்று தோன்ற வைக்கும்.